கடைசி அரைமணி நேரத்து நாடகம்: ‘பாக்ஸ் அண்ட் காக்ஸ்’ வழியே ஓர் எளிய விளக்கம்

பிரிட்டிஷார் தம் ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் நாடகம் போட்டார்கள் என்றதும் பலர் ஷேக்ஸ்பியரை மட்டுமே நினைக்கிறார்கள். கல்லூரிப் பாடத்திட்டமும் நம் நாடக வரலாற்று நூல்களும் அந்தப் பெயரையே முன்னிறுத்தியதால் இப்படி ஆகிவிட்டது. ஆனால் கல்கத்தாவிலோ சிட்னியிலோ மான்ட்ரியாலிலோ 1840களில் ஒரு மாலை நாடகக் கொட்டகைக்குப் போனவர், எந்தப் பெரிய நாடகத்தைப் பார்த்திருந்தாலும், வீடு திரும்பும் முன் ஒரு சிறு நகைச்சுவையையும் பார்த்திருப்பார். அந்தச் சிறு நாடகங்களின் பயணத்தைப் புரிந்துகொள்ளாமல் காலனிய மேடையைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் உறுதியான கருத்து. அவற்றுள் மிகப் புகழ்பெற்ற ‘பாக்ஸ் அண்ட் காக்ஸ்’ நாடகத்தை எடுத்துக்கொண்டு, அந்த வகை எப்படி இயங்கியது, ஏன் அவ்வளவு தூரம் சென்றது, சென்ற இடத்தில் என்ன ஆனது என்பவற்றை நாடகத் துறைக்குப் புதியவர்களுக்காக இங்கே விளக்குகிறேன்.

ஒரு மாலையின் நிரல்

நம் கர்நாடக சங்கீதக் கச்சேரியில் ராகம் தானம் பல்லவியோ பெரிய கீர்த்தனையோ முடிந்தபின் துக்கடாக்கள் வருகின்றன. கேட்பவரின் மனம் கனமான பகுதியிலிருந்து இறங்கி இளைப்பாற அவை இடம் தருகின்றன. துக்கடாவுக்காகவே உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆங்கில நாடக மாலையும் ஏறக்குறைய இப்படித்தான் அமைந்திருந்தது. மாலை ஆறரை அல்லது ஏழு மணிக்குத் தொடங்கி நள்ளிரவை நெருங்கும் அந்த நிகழ்ச்சியில் ஐந்து அங்கத் துன்பியல் நாடகமோ உணர்ச்சி மிகுந்த கதையோ முதலில் வரும். இடையில் பாட்டோ நடனமோ இருக்கும். இறுதியில் ஓர் அங்கம் கொண்ட நகைச்சுவை வரும். இப்படி இறுதியில் வருவதைப் ‘பின்நாடகம்’ என்று அழைப்போம்.

பின்நாடகத்துக்கு ஒரு வணிகக் காரணமும் இருந்தது. லண்டன் கொட்டகைகளில் இரவு ஒன்பது மணி அளவில் வருபவர்களுக்குப் பாதிக் கட்டணத்தில் இடம் கொடுக்கும் வழக்கம் இருந்தது. கடையடைத்துவிட்டு வரும் குமாஸ்தாவும் தொழிலாளியும் பெரிய நாடகத்தின் கடைசிப் பகுதியையும் முழுப் பின்நாடகத்தையும் பார்த்துவிட்டுப் போவார்கள். ஆகவே கடைசி அரைமணி நேரம் சிரிப்பும் வேகமும் நிறைந்ததாக இருக்க வேண்டியிருந்தது.

இந்த நிரல் அப்படியே கடல் கடந்தது. 1832 டிசம்பர் 26 அன்று சிட்னியில் பார்னெட் லெவி தம் ராயல் ஹோட்டலின் கூடத்தில் உரிமம் பெற்ற முதல் தொழில்முறை நாடக நிகழ்ச்சியை நடத்தியபோது, ஒரு கப்பலோட்டியின் சோகக் கதைக்குப் பின் ‘மான்சியர் டான்சன்’ என்ற நகைச்சுவையும் அதில் இருந்தது. தண்டனைக் கைதிகளை இறக்கிவிட்ட ஊரில், முதல் நாளிலேயே, லண்டன் மாலையின் அதே அமைப்பு.

பிரகசனம் என்றால் என்ன?

பின்நாடகமாக வந்தவற்றுள் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் ஃபார்ஸ் எனப்படும் வகையைச் சேர்ந்தவை. நம் நாடக நூல்கள் இதைப் பிரகசனம் என்கின்றன. குணத்தால் விளையும் நகைச்சுவையைவிடச் சூழ்நிலையால் விளையும் நகைச்சுவையே இதன் உயிர். சாதாரண மனிதர்கள் ஒரு நெருக்கடியில் மாட்டிக்கொள்கிறார்கள்; தற்செயல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன; கதவு திறப்பதும் மூடுவதும் கதையை நகர்த்துகின்றன; பார்ப்பவருக்கு எல்லாம் தெரிந்திருக்க, மேடையில் இருப்பவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. இவ்வளவு போதும், இதற்குமேல் உள்ள வகைப்பாடுகள் தொடக்க நிலை வாசகருக்குத் தேவையில்லை.

ஓர் அறை, இரண்டு குடியிருப்பவர்கள்

‘பாக்ஸ் அண்ட் காக்ஸ்’ 1847 நவம்பர் 1 அன்று லண்டன் லைசியம் கொட்டகையில் முதன்முதலாக மேடையேறியது. எழுதியவர் ஜான் மேடிசன் மார்ட்டன் (1811–1891). இவர் தாமஸ் மார்ட்டன் என்ற நாடகாசிரியரின் மகன். வாழ்நாளில் ஏறத்தாழ நூறு சிறு நாடகங்களை எழுதியவர். அந்தக் காலத்து வழக்கப்படி பிரெஞ்சு மேடையிலிருந்து கதைக் கூறுகளை எடுத்துக்கொண்டு அவற்றை முற்றிலும் லண்டன்தன்மை உடையவையாக மாற்றினார்.

பவுன்சர் அம்மாள் என்ற வீட்டுக்காரி ஒரே அறையை இருவருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாள். ஒருவர் ஜான் பாக்ஸ், இரவு முழுவதும் அச்சகத்தில் வேலை செய்பவர். மற்றவர் ஜேம்ஸ் காக்ஸ், பகல் முழுவதும் தொப்பிக் கடையில் வேலை செய்பவர். ஒருவர் போகும்போது மற்றவர் வருவதால், தான் மட்டுமே அங்கே குடியிருப்பதாக இருவரும் நம்புகிறார்கள். தன் நிலக்கரியும் மெழுகுவர்த்தியும் சர்க்கரையும் தீக்குச்சியும் எப்படிக் கரைகின்றன என்று காக்ஸுக்குப் புரியவில்லை. அறையில் ஏன் எப்போதும் புகையிலை நாற்றம் என்றும் புரியவில்லை. பவுன்சர் அம்மாள் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சமாளிப்பு வைத்திருக்கிறாள்.

ஒருநாள் காக்ஸுக்கு முதலாளி விடுமுறை கொடுத்துவிடுகிறார். அவர் வாங்கி வந்த ஆட்டிறைச்சித் துண்டும் பாக்ஸ் வைத்திருந்த பன்றியிறைச்சித் துண்டும் ஒரே அடுப்பில் சந்திக்கின்றன. ஒருவர் மற்றவருடைய உணவை ஜன்னல் வழியே எறிகிறார். சண்டை முற்றுகிறது, பிறகு பேச்சு வளர்கிறது. பெனலோப் ஆன் என்ற விதவையை மணப்பதற்கு காக்ஸ் நிச்சயம் செய்திருக்கிறார். அதே பெண்ணிடமிருந்து தப்பிக்கத்தான் பாக்ஸ் தாம் தற்கொலை செய்துகொண்டதாக நடித்திருக்கிறார். அவளை மற்றவர் தலையில் கட்ட இருவரும் போராடுகிறார்கள். அவள் கடலில் மூழ்கிவிட்டாள், சொத்தை வருங்காலக் கணவனுக்கு எழுதிவைத்திருக்கிறாள் என்ற செய்தி வந்ததும் இருவரும் அவளுக்கு உரிமை கொண்டாடுகிறார்கள். அவள் உயிரோடு வருகிறாள் என்று கேட்டதும் மீண்டும் ஓடப் பார்க்கிறார்கள். கடைசியில் அவள் நாக்ஸ் என்ற மூன்றாம் மனிதரை மணக்கப் போவதாகக் கடிதம் வருகிறது. இருவரும் தழுவிக்கொள்ள வரும்போது, உன் இடது கையில் மச்சம் இருக்கிறதா என்று பாக்ஸ் கேட்கிறார். இல்லை என்கிறார் காக்ஸ். அப்படியானால் நீதான் தொலைந்துபோன என் தம்பி என்று முடிவாகிறது. பிரிந்த உடன்பிறந்தவர்கள் மச்சத்தால் அடையாளம் காணும் உணர்ச்சி நாடகங்களை அதே மாலையில் பார்த்துவிட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த வசனத்தின் சுவை முழுமையாகக் கிடைத்தது. இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. பின்நாடகம் தனக்கு முன் நடந்த பெரிய நாடகத்தோடு பேசுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

1849 ஜனவரியில் இந்த நாடகம் வின்ட்சர் கோட்டையில் விக்டோரியா அரசியின் முன்னிலையிலும் நடந்தது. அரசியார் சிரித்த நாடகம் என்ற பெயர், தொலைதூர ஊர்களில் மேல்தட்டு ஆங்கிலக் குடும்பங்களும் தயக்கமின்றி அதைப் போடுவதற்கு உதவியிருக்கும்.

சுருங்கச் சொன்னால்: பெரிய நாடகத்துக்குப் பின் வரும் சிறு நாடகம் பின்நாடகம், அதில் பெரும்பாலும் இடம்பெற்ற வகை பிரகசனம், அவ்வகைக்குப் ‘பாக்ஸ் அண்ட் காக்ஸ்’ சிறந்த எடுத்துக்காட்டு.

எப்படிப் பயணித்தது?

ஆங்கில அரசு தன் பண்பாட்டைப் பரப்புவதற்காக இத்தகைய நாடகங்களை அனுப்பியது என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படி ஒரு திட்டம் இருக்கவில்லை. இந்த நாடகங்கள் சென்றதற்குக் காரணம், அவற்றைத் தூக்கிச் செல்வது எளிது என்பதே. ‘பாக்ஸ் அண்ட் காக்ஸ்’ நாடகத்துக்கு வேண்டியவை மூன்று நடிகர்கள், ஓர் அறை, ஒரு கட்டில், சில கதவுகள், ஒரு ஜன்னல், ஓர் அடுப்பு, இரண்டு இறைச்சித் துண்டுகள். ஐந்து அங்க நாடகத்துக்கு இருபது நடிகர்களும் பல திரைகளும் வேண்டும். ஊரில் நடிக்கத் தெரிந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லாதபோது எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது வெளிப்படை.

அடுத்தது அச்சு. லண்டனில் தாமஸ் ஹெய்ல்ஸ் லேசி 1840களின் பிற்பகுதியிலிருந்து ‘நடிப்புப் பதிப்பு’ எனப்படும் மலிவுச் சிறு நூல்களை வெளியிட்டார். பிறகு அந்தத் தொழில் சாமுவேல் ஃபிரெஞ்ச் நிறுவனத்திடம் சென்றது. படிப்பதற்கான நூலிலிருந்து நடிப்புப் பதிப்பு வேறுபட்டது. யார் எந்தக் கதவு வழியே வர வேண்டும், மேடையின் வலமா இடமா நடுவா எங்கே நிற்க வேண்டும், என்ன உடை, என்னென்ன பொருள்கள் தேவை என்பவை எல்லாம் குறியீடுகளுடன் அதில் அச்சிடப்பட்டிருக்கும். லண்டன் நடிகர்கள் ஒத்திகையில் கண்டுபிடித்த அசைவுகள் இப்படி எழுத்தில் பதிந்தன. லண்டன் மேடையை ஒருபோதும் பார்த்திராத ஒரு படைத்தளபதி மீரட்டில் உட்கார்ந்து அந்த நூலை வைத்துக்கொண்டு நாடகத்தைப் பெருமளவு அதே வடிவில் போட முடிந்தது. இந்த மலிவு நூல்களுக்கு நாடக வரலாற்றில் இன்னும் உரிய இடம் கொடுக்கப்படவில்லை என்றே நினைக்கிறேன்.

மூன்றாவது உரிமைச் சட்டம். 1833ஆம் ஆண்டின் நாடக உரிமைச் சட்டம், நாடகத்தை மேடையேற்றும் உரிமையை ஆசிரியருக்கு பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகள் அனைத்திலும் வழங்கியது. ஆனால் கட்டணம் வசூலிக்க ஒவ்வொரு ஊரிலும் ஆள் வேண்டும்; கடிதம் போய்த் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கும்வரை பிரிட்டனிலிருந்து நேராக வரும் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றித்தான் இந்தியாவுக்கு வந்தன. பல நூறு முறை மேடையேறிய ஒரு நாடகத்தின் ஆசிரியருக்கு அதன் முழுப் பயன் கிடைக்கவில்லை. மார்ட்டன் தம் இறுதி ஆண்டுகளை, வசதி குறைந்த முதியோருக்கு லண்டன் சார்ட்டர்ஹவுஸ் அறநிலையம் அளித்த இல்லத்தில் கழித்தார். அவருடைய நாடகங்கள் உலகின் பல துறைமுகங்களில் சிரிப்பை எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது.

யார் நடித்தார்கள்?

மூன்று வகையினர் இருந்தனர். முதலாவது, பாசறைகளில் இருந்த படை அதிகாரிகள். போர் இல்லாத மாதங்களில் பொழுதைப் போக்க அவர்கள் நாடகம் போட்டார்கள். 1842 மே மாதம் சார்லஸ் டிக்கன்ஸ் மான்ட்ரியால் சென்றபோது, அங்கிருந்த கோல்ட்ஸ்ட்ரீம் காவற்படை அதிகாரிகளுடன் சேர்ந்து ஒரே மாலையில் மூன்று சிறு நாடகங்களில் நடித்தார். தாமே மேடை ஏற்பாட்டையும் கவனித்தார். அந்த மாலையில் துன்பியல் நாடகம் எதுவும் இல்லை. பாசறை நாடகத்தின் உண்மையான சுவை இதிலிருந்து தெரிகிறது. பெண் வேடத்துக்கு ஆள் கிடைப்பது அங்கே எப்போதும் சிக்கலாக இருந்தது; பல இடங்களில் இளம் அதிகாரிகளே அவ்வேடங்களைப் போட்டார்கள்.

1866இல் எஃப். சி. பர்னண்டும் இசையமைப்பாளர் ஆர்தர் சல்லிவனும் இந்த நாடகத்தை ‘காக்ஸ் அண்ட் பாக்ஸ்’ என்ற சிறு இசை நாடகமாக மாற்றினார்கள். ஆண்கள் மட்டும் கூடிய ஒரு தனிப்பட்ட நிகழ்ச்சிக்காக எழுதப்பட்டதால், பவுன்சர் அம்மாள் அதில் பவுன்சர் என்ற ஓய்வுபெற்ற சார்ஜென்ட்டாக மாறினார். மூன்றும் ஆண் வேடங்கள், அதில் ஒருவர் படைவீரர் என்பதால், படைத்தளங்களுக்கு இதைவிடப் பொருத்தமான படைப்பு வேறு இருந்திருக்க முடியாது.

இரண்டாவது வகையினர், ஊரில் குடியிருந்த அரசு அலுவலரும் வணிகரும் அவர்கள் குடும்பத்தாரும் நடத்திய பொழுதுபோக்குக் கழகங்கள். சிம்லாவில் 1887இல் திறக்கப்பட்ட கெய்ட்டி கொட்டகை இத்தகைய கழகம் ஒன்றின் இருப்பிடமாயிற்று. அதை வடிவமைத்த ஹென்றி இர்வின் பின்னர் சென்னையில் எழும்பூர் அருங்காட்சியக அரங்கையும் கட்டினார்.

மூன்றாவது, தொழில்முறைக் குழுக்கள். இவர்களுள் எஸ்தர் லீச்சைத் தனியாகச் சொல்ல வேண்டும். படைவீரர் ஒருவரின் மகளான அவர் கல்கத்தாவின் சௌரங்கி கொட்டகையில் புகழ்பெற்றார். அது 1839இல் எரிந்தபின் பார்க் தெருவில் சான் சூசி கொட்டகையை உருவாக்கினார். 1843 நவம்பரில் அங்கே ‘வெனிஸ் வணிகன்’ முடிந்து, ‘அழகான கணவன்’ என்ற பின்நாடகம் நடந்துகொண்டிருந்தபோது விளக்கிலிருந்து அவர் உடையில் தீப்பற்றியது. அந்த மாதமே அவர் இறந்தார். ஷேக்ஸ்பியரும் சிறு நகைச்சுவையும் ஒரே மாலையில், ஒரே நடிகையின் உழைப்பில் நடந்தன என்பதை இந்தத் துயர நிகழ்ச்சி நமக்குக் காட்டுகிறது.

பார்த்தவர்கள் ஏன் சிரித்தார்கள்?

‘பாக்ஸ் அண்ட் காக்ஸ்’ நாடகத்தில் இந்தியாவும் இல்லை, ஆஸ்திரேலியாவும் இல்லை. ஆட்சியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இதில் மறைவான ஏகாதிபத்தியச் செய்தி இருப்பதாகத் தேடுவது வீண் என்று கருதுகிறேன். அதன் பொருள் லண்டன் வாடகை அறை, அங்குள்ள இடநெருக்கடி, வீட்டுக்காரியின் தந்திரம், நிலக்கரிக் கணக்கு. பல ஆயிரம் மைலுக்கு அப்பால் பரந்த பங்களாவில் பல வேலையாட்களுடன் வாழ்ந்த ஒருவருக்கு அந்த அறை ஊர் நினைவைத் தந்தது. அச்சகத் தொழிலாளியாகவும் தொப்பிக் கடைப் பணியாளராகவும் ஒரு படைத்தலைவர் வேடமிடுவதில், தம்மைவிடக் கீழே இருப்பவரைப் பார்த்துச் சிரிக்கும் வர்க்க உணர்வும் இருந்தது. மெல்போர்ன் தங்கவயல் பக்கத்தில் பார்த்தவர்களின் நிலை வேறு: அவர்களில் பலர் உண்மையாகவே நெரிசலான அறைகளைப் பகிர்ந்தவர்கள். ஒரே நாடகம் இரு கூட்டத்தாருக்கு இருவிதமாகப் பொருள்பட்டிருக்க வேண்டும்.

உள்ளூர் மக்கள் இந்த அரங்குகளுக்கு முற்றிலும் வெளியே இருந்தார்கள் என்பதும் சரியல்ல. சௌரங்கி கொட்டகையை 1835இல் விலைக்கு வாங்கியவர் துவாரகநாத் தாகூர். 1848இல் சான் சூசி மேடையில் வைஷ்ணவ சரண் ஆட்யா ஒதெல்லோவாக நடித்தார். இத்தகைய அரங்குகளில் உட்கார்ந்து மாலையின் அமைப்பைக் கற்றுக்கொண்ட இந்தியர்கள் இருந்தார்கள்.

நாடகம் போகாமல் வடிவம் போனது

இங்கே ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். பிரகசனமே ஆங்கிலேயர் கொடுத்தது என்று சொல்பவர்கள் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியில் ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் ‘மத்தவிலாச பிரகசனம்’ என்ற ஓரங்க நகைச்சுவையை வடமொழியில் எழுதியிருக்கிறான்; ஆகவே அந்தக் கூற்று நிற்காது. ஆங்கில மேடையிலிருந்து வந்தது ஓர் இடம்: கட்டணம் செலுத்திப் பார்க்கும் ஒரு மாலையின் இறுதியில், பெரிய நாடகத்துக்குப் பின், நிகழ்கால மனிதர்களை வைத்துச் சிரிப்பதற்கென்று ஒதுக்கப்பட்ட அரைமணி நேரம்.

பம்பாயில் 1853 அக்டோபரில் பார்சிகளின் நாடகக் குழு கிராண்ட் ரோடு கொட்டகையில் ருஸ்தம்–சொராப் கதையை நடத்தியபோது இறுதியில் ஒரு குஜராத்தி நகைச்சுவையையும் சேர்த்தது. புராண வீரர்கள் போனபின் அன்றாட மனிதர் மேடைக்கு வந்தார். வங்கத்தில் மைக்கேல் மதுசூதன் தத், சென்னையில் எட்டு ஆண்டுகள் ஆசிரியராகவும் இதழாளராகவும் வாழ்ந்துவிட்டுக் கல்கத்தா திரும்பியபின், 1860இல் இரண்டு பிரகசனங்களை வெளியிட்டார். ஆங்கில மோகத்தில் குடிக்கும் இளைஞரையும் பக்தி வேடமிடும் கிழவரையும் அவை தாக்கின.

1876 பிப்ரவரியில் கல்கத்தாவின் கிரேட் நேஷனல் கொட்டகை ‘கஜதானந்தாவும் இளவரசனும்’ என்ற பின்நாடகத்தைப் போட்டது. வேல்ஸ் இளவரசரைத் தம் வீட்டுப் பெண்கள் இருக்கும் பகுதிக்கே அழைத்து வரவேற்ற ஒரு வழக்கறிஞரை அது கேலி செய்தது. காவல்துறை தடுத்தது. குழுவினர் ‘பன்றியும் ஆடும் நடத்தும் காவல்’ என்று பொருள்படும் மற்றொரு பிரகசனத்தைப் போட்டார்கள். காவல் ஆணையரின் பெயர் ஹாக், கண்காணிப்பாளரின் பெயர் லாம்ப்; ஆங்கிலத்தில் அந்த ஒலிகள் பன்றியையும் ஆட்டுக்குட்டியையும் குறிக்கும். பிப்ரவரி 29 அன்று வைஸ்ராய் நார்த்புரூக் அவசரச் சட்டம் பிறப்பித்தார். அந்த ஆண்டு இறுதியில் அது நாடக நிகழ்ச்சிகள் சட்டமாயிற்று. இச்சட்டத்தின் நிழல் சென்னை மாகாணத்திலும் நெடுங்காலம் நீடித்தது. 1954இல் சென்னை அரசு தனக்கெனப் புதிதாக ஒரு நாடகச் சட்டம் இயற்றியது. யாருக்கும் தீங்கற்றதாகக் கருதப்பட்ட அந்த அரைமணி நேரம்தான் அரசை இவ்வளவு கலக்கியது.

தமிழில் பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். ‘சபாபதி’ என்ற பெயரில் முதலாளிக்கும் அதே பெயர் கொண்ட வேலைக்காரனுக்கும் இடையிலான பிரகசனங்களைப் பின்னர் எழுதினார். இதை மார்ட்டனிடமிருந்து பெற்றது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. அப்படிச் சொல்லவும் கூடாது. ஆங்கிலப் பிரகசன மரபையும் வடமொழிப் பெயரையும் நம் வீட்டு வேலைக்காரப் பேச்சையும் அறிந்த ஒருவர் தாமே செய்த படைப்பு அது.

இப்பகுதியின் சாரம்: கடல் கடந்து வந்த பனுவல்கள் ஆங்கிலேயர் மத்தியிலேயே பெரும்பாலும் சுழன்றன, மாலையில் அவற்றுக்கென இருந்த இடத்தை இந்திய மேடைகள் எடுத்துக்கொண்டு தம் சொந்தப் பொருளால் நிரப்பின.

பழைய விளம்பரத்தை எப்படிப் படிப்பது?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனில் நாடகம் தொடங்கும் நேரம் எட்டு மணியை நோக்கி நகர்ந்தது. பாதிக் கட்டணம் மறைந்தது. சிறு நாடகம் மாலையின் இறுதியிலிருந்து தொடக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. பிறகு ஒரு மாலைக்கு ஒரே நாடகம் என்றாயிற்று.

இன்று நூலகங்களில் எண்ணுருவாக்கப்பட்ட பழைய ஆங்கில இதழ்களைப் புரட்டும் மாணவர்கள், நாடக விளம்பரத்தில் பெரிய எழுத்தில் உள்ள முதல் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு அடுத்த பக்கம் போய்விடுகிறார்கள். இறுதியாக நடைபெறுவது இது என்று கீழே சிறிய எழுத்தில் இருக்கும் வரியையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆளுநரின் ஆதரவில் என்றிருந்தால் பார்வையாளர் யாரென்று தெரியும். இன்ன படைப்பிரிவின் அதிகாரிகள் என்றிருந்தால் நடித்தவர் யாரென்று தெரியும். நுழைவுக் கட்டணத்தில் எத்தனை நிலைகள் உள்ளன என்று பார்த்தால் அந்த ஊரின் எந்தெந்தப் பிரிவினர் உள்ளே வர முடிந்தது என்று தெரியும். ஒரே ஊரின் பத்து ஆண்டு விளம்பரங்களை இப்படிப் பட்டியலிட்டால், எந்தச் சிறு நாடகம் மீண்டும் மீண்டும் வருகிறது என்பதும், அது எந்த ஆண்டில் நின்றுபோகிறது என்பதும், அதன் இடத்துக்கு உள்ளூர் மொழியில் எது வருகிறது என்பதும் தாமாகவே வெளிப்படும்.